ஃபைலின் வால்: நாலு வருட அனுபவம்

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன்பு கடையின் மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஒரு டிக் போட்டேன். விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போனால் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 11 என்றால் 'வியூ'வுக்குள் 'ஷோ' என்று இன்னொரு படி. எக்ஸ்டென்ஷன் என்றால் ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும், அது என்ன வகை என்று சொல்லும் எழுத்துகள். நான் அதை வால் என்பேன், டிக் போட்டால் அது கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான். பைசா செலவில்லை.

போட வைத்தது ஒரு மெயில். பிரிண்ட் எடுக்கச் சொல்லி வந்த ஜிப்புக்குள் 'பில்.பிடிஎஃப்' என்று ஒரு ஃபைல், சிவப்பு ஐகானோடு. கடைப் பையன் டபுள் கிளிக் செய்தான், எதுவும் திறக்கவில்லை. மறுநாள் எந்த டிசைனும் திறக்கவில்லை. ஆவணி முகூர்த்த நேரத்தில் இரண்டு நாள் கடையே முடங்கியது. அந்த ஃபைலின் முழுப் பெயர் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'. இஎக்ஸ்இ என்றால் கிளிக் செய்ததும் ஓடுகிற புரோகிராம். தனக்குத் தெரிந்த வகை என்றால் விண்டோஸ் கடைசி வாலை மறைத்துவிடும். ஐகானோ, செய்தவன் வைத்ததுதான். 2000 மே மாதம் உலகத்தை ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸும் இப்படித்தான் வந்தது. டிஎக்ஸ்டி என்று தெரிந்த காதல் கடிதத்துக்குப் பின்னால் விபிஎஸ் என்ற, கிளிக் செய்தால் ஓடுகிற வகை ஒளிந்திருந்தது. அப்புறமும் மறைத்துவைப்பதே வழக்கமாக இருப்பது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

டிக் போட்ட பிறகு எதிர்பாராத லாபமும் கிடைத்தது. பரீட்சைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் "ஜேபிஜிதான் அண்ணே, ஏத்த மாட்டேங்குது" என்பார்கள். பார்த்தால் ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி என்ற வேறு வகைப் படம். பெயரை மாற்றினால் ஃபைலே மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. புளியம்பழத்தை மாம்பழம் என்று கூப்பிட்டால் இனிக்குமா?

குறையும் உண்டு. பெயர் மாற்றும்போது பையன் வாலையும் சேர்த்து அழித்துவிடுவான். விண்டோஸ் எச்சரிக்கும், அவன் படிக்காமல் 'யெஸ்' கொடுப்பான். ஷார்ட்கட்டின் வாலான எல்என்கே மட்டும் டிக் போட்டாலும் தெரியாது. அதை வைத்தும் ஏமாற்றுகிறார்கள் என்பதால், ஐகானின் மூலையில் சின்ன அம்பு தெரிந்தால் நாங்கள் தொடுவதில்லை.

ஆனால் இந்த டிக்கின் எல்லை எது என்று காட்டியவர் செல்லூர் அக்கா ஒருவர். சொந்தக்காரர் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்.ஏபிகே' வந்திருக்கிறது. "பத்திரிகை தெரிய மாட்டேங்குதே தம்பி, நீ பாரேன்" என்று போனை நீட்டினார். அதற்குள் இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்கவும் அனுமதி கொடுத்திருந்தார். ஓடிபி வந்தால் அவருக்கு முன்னால் திருடன் படித்துவிடுவான். அனுப்பிய சொந்தக்காரரின் போனும் ஏற்கனவே மாட்டிக்கொண்டதுதான், அதனால்தான் தெரிந்த நம்பரிலிருந்து வந்தது. இங்கே வால் மறையவே இல்லை, ஏபிகே என்று பளிச்சென்று இருந்தது. அதுவும் பிடிஎஃப் மாதிரி ஏதோ ஒன்று என்று அக்கா நினைத்துவிட்டார். பிடிஎஃப் படிக்கிற காகிதம், ஏபிகே போனுக்குள் குடியேறுகிற ஆள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அவருடைய வங்கிக்கும் பேசினோம். 18,000 ரூபாய் போயிருந்தது. மிச்சம் தப்பியது.

எங்களுக்குப் பத்திரிகை அடிப்பதே தொழில் என்பதால் கூடுதல் வயிற்றெரிச்சல். இப்போது டிசைன் அனுப்பும்போதெல்லாம் ஒரு வரி சேர்க்கிறேன்: 'பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும், எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது.' போன வாரம் திருமங்கலத்திலிருந்து வந்த பெண் வீட்டுக்காரர் அந்த வரியைப் பத்திரிகையிலேயே, 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்கு மேலே போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.