உயிர்க்கோழியா, ஃப்ரீசர் பாக்கெட்டா: ஞாயிற்றுக்கிழமைக் கறியில் எது பாதுகாப்பு?

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கோழி வாங்குவதில் இரண்டு கட்சி உண்டு. கூண்டிலிருந்து பிடித்துக் கண்ணெதிரே அறுத்தால்தான் கறி என்பது ஒன்று. சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் கவர் போட்டு வருவதுதான் சுத்தம் என்பது இன்னொன்று. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும் சால்மோனெல்லா கிருமியை வைத்துப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் பாதி மார்க்தான்.

கண்ணெதிரே அறுத்துத் தரும் கடைக்கோழியின் பலம் நேரம். காலையில் அறுத்தது ஒன்றரை மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏறிவிடும். கிருமி பெருகுவதற்கு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு போதும்; தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். அதற்கான அவகாசத்தை இந்த வழி அதிகம் கொடுப்பதில்லை. பலவீனம் கறி வெட்டும் கட்டையில் இருக்கிறது. சால்மோனெல்லா கோழியின் குடலில் குடியிருக்கும். கோழி பார்க்கத் திடமாகவே இருக்கும். “ணா, ஸ்கின் எடுத்துட்டு குழம்பு பீஸா போடுணா” என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், குடலை உருவிய அதே கை, அதே கத்தி, நடுவில் குழி விழுந்த அதே மரக்கட்டையில் வேலையைத் தொடங்கிவிடும். றெக்கை பிடுங்கும் மெஷினும் அலசும் டிரம் தண்ணீரும் காலையிலிருந்து எல்லாக் கோழிக்கும் பொது. நமக்கு முன்னால் போன கோழியிடம் இருந்தது நம் கவருக்கும் வரலாம். நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது.

பாக்கெட் கோழி மைனஸ் 18 டிகிரியில் இருக்கும்வரை கிருமி பெருகாது. ஆனால் செத்தும் போகாது, உறைந்து கிடக்கும், அவ்வளவுதான். கவரின் அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் பாளமாக உறைந்திருந்தால், நடுவில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கலாம், அதை வாங்காதீர்கள். இன்னொரு சிக்கல் நம் வீட்டில் நடப்பது. காலையில் எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு மதியம் சமைப்போம். மே மாத வெயிலில், சமையலறை 32 டிகிரியைத் தாண்டும்போது, பச்சைக் கறி வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைத்து உருக விடுவதுதான் வழி. பாதி உருகியதை எண்ணெயில் போட்டால் வெளியே கருகும், எலும்போரம் பச்சையாக நிற்கும்.

என் கணக்கில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், வாங்கிய உடனே சமைப்பவர்களுக்கும் கடைக்கோழி. வேலைக்குப் போய் வந்து ராத்திரி சமைப்பவர்களுக்கு பாக்கெட். ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும் வயிற்றைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் குழாயடிதான்.

நம் ஏரியாவில் பல லைன் வீடுகளில் சிங்க் கிடையாது. தண்ணீர் குடத்தில் பிடித்து வைத்தது. அன்னக்கூடையில் கறியைக் கொட்டி, மஞ்சள் உப்பு போட்டு, பாத்திரம் தேய்க்கும் இடத்திலேயே நாலைந்து தண்ணீர் அலசுவார்கள். மஞ்சளும் உப்பும் கவுச்சியைத்தான் குறைக்கும், சால்மோனெல்லாவை ஒன்றும் செய்யாது. தெறிக்கும் தண்ணீரோ பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு, டம்ளர், குடத்தின் வாய் வரை போகும். கழுவாமல் சமைப்பதுதான் நல்லது என்று உணவுப் பாதுகாப்பு ஆட்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். இதை எங்கள் தெருவில் சொன்னால் அடுத்த வாரம் யாரும் என் வீட்டில் சாப்பிட மாட்டார்கள், அது வேறு விஷயம். கழுவியே தீருவேன் என்றால் பாத்திரங்களை எல்லாம் நகர்த்திவிட்டு, பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அமுக்கி எடுங்கள். குழாயைத் திறந்து விடாதீர்கள். பிறகு அந்த இடத்தையும் கூடையையும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். கைக்கும் சோப்பு, 20 விநாடி.

அடுத்தது பிரியாணிக்கான வெங்காயப் பச்சடி. கறியை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும், கறி வெட்டிய கத்தியிலேயே வெங்காயம் நறுக்கினால் கிருமி தயிரோடு நேராக இலைக்கு வந்துவிடும். பச்சடிக்கு அடுப்பே இல்லையே! அதனால் வெங்காயத்தை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு, அப்புறம் கறியைத் தொடுங்கள். கிருமி உள்ளே போய் 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள்தான் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். ஞாயிறு தின்ற பச்சடிக்கு புதன்கிழமை வயிறு பிடுங்கும். பழி செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கடை மேல் விழும்.

வேக வைப்பதில் குழம்பு சுலபமாக ஜெயிக்கும். கறிக்குள் 74 டிகிரி எட்டினால் சால்மோனெல்லா சாகும். அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கும் குழம்பில் அந்தக் கவலை இல்லை. முழு லெக் பீஸ் வறுப்பதில்தான் ஏமாறுவோம். மேல் நிறத்தை நம்பாமல் தடித்த இடத்தில் கீறிப் பாருங்கள். குச்சித் தெர்மாமீட்டர் வாங்கினால் இன்னும் நல்லது.

சமைக்கவே வேண்டாம், கிரில் சிக்கன் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கூட வரும் மயோனைஸைக் கவனியுங்கள். பச்சை முட்டையில் செய்ததற்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது. அரசு சொன்ன காரணங்களில் சால்மோனெல்லாவும் ஒன்று. முட்டை இல்லாததைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வெறும் கிரில் போதும்.

மீந்த குழம்பைச் சட்டியோடு ராத்திரி வரை மேடையில் விடாமல், அகலமான பாத்திரத்துக்கு மாற்றி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் இட்லிக்கு ஊற்றும்போது வெதுவெதுப்பு போதாது, கொதி வர வேண்டும்.