தீயணைப்புத் துறை ஆம்புலன்ஸ்: 24 மணி நேர ஷிஃப்டா, 12 மணி நேரமா?

அமெரிக்க நகரத் தீயணைப்புத் துறைகளில் 24 மணி நேரப் பணி, 48 மணி நேர ஓய்வு என்பது பழகிய முறை. ஓர் ஆம்புலன்ஸுக்கு மூன்று குழு, 6 பேர் போதும். வாரச் சராசரி 56 மணி. 12 மணி நேர முறைக்கு நான்கு குழு, 8 பேர் வேண்டும். சராசரி 42 மணி.

ஆள் குறைவு என்று 24ஐத் தேர்ந்தெடுக்கும் முன் ஓவர்டைம் கணக்கைப் பாருங்கள். தீயணைக்கும் பயிற்சியும் பொறுப்பும் உள்ள பாராமெடிக்குக்கு (ஆம்புலன்ஸ் அவசர மருத்துவப் பணியாளருக்கு), 28 நாள் சுழற்சியில் 212 மணிக்கு மேல்தான் ஓவர்டைம் என்று கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது: 28 நாளில் வேலை 56 × 4 = 224 மணி, ஆக ஓவர்டைம் சராசரியாக 12 மணி. மருத்துவப் பணி மட்டும் செய்பவருக்கு வாரம் 40 மணிதான் வரம்பு. அதே 28 நாளில் 64 மணி ஓவர்டைம்!

அடுத்தது அழைப்புச் சுமை. ஓர் அழைப்புக்கு 75 நிமிடம், நாளுக்கு 10 அழைப்பு என்றால் 12.5 மணி ஓட்டம். நள்ளிரவுக்குப் பின் தூக்கம் சிதறும். மருந்தளவில் பிழை வரும் அபாயமும் அப்போது கூடும். அந்த வண்டிக்கு 12 மணி நேரமே சரி. இரவில் ஓரிரு அழைப்பு மட்டும் வரும் புறநகர் நிலையத்தில் 24 தாங்கும்.

12இல் குழு மாற்றம் இரட்டிப்பாகும். வண்டியில் உள்ள போதை தரும் வலி மருந்துகளை எண்ணிக் கையொப்பமிடும் வேலையும் அப்படியே இரட்டிப்பாகும். எல்லா வண்டிகளின் குழுக்களையும் காலை 7 மணிக்கே மாற்றாதீர்கள், அரை மணி இடைவெளியில் பிரியுங்கள்.