என்.எம்.ஆரில் (அணுக்காந்த ஒத்ததிர்வு) ஈ.ஈ. (எனான்ஷியோமர் மிகை) அளப்பது: பைனால்–போரோனிக் அமில முறை நெடுநாள் பயன்பாட்டில் எப்படி?

ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான ஆர், எஸ் என்ற இரு எனான்ஷியோமர்களில் ஒன்று மற்றதைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்பதே ஈ.ஈ. இரண்டும் சாதாரணக் கரைப்பானில் ஒரே நிறமாலையைத்தான் தரும். தூய கைரல் (வலது, இடது வடிவங்களில் ஒன்று மட்டுமே உள்ள) துணை ஒன்றைச் சேர்த்தால்தான் பீக் இரண்டாகப் பிரியும். 1-ஃபினைல்எத்தில்அமீன் போன்ற முதல்நிலை அமீன்களுக்கு, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் புல், ஜேம்ஸ் குழுவினர் உருவாக்கிய மூன்று கூறு முறையே அன்றாட வேலைக்குத் தோதானது. நிறப்பிரிகைக் குழாய் (column) ஓட்ட வேண்டாம், சூடாக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் ட்யூப் தயார்.

அளவு இப்படி: அமீன் 12 மி.கி. (0.1 மில்லிமோல்), 2-ஃபார்மைல்ஃபினைல்போரோனிக் அமிலம் 15 மி.கி.யை விடச் சற்றே கூடுதலாக, ஒரே கையுள்ள பைனால் (இதுதான் கைரல் துணை) 31.5 மி.கி. (1.1 பங்கு), டியூட்டரோகுளோரோஃபார்ம் 1 மி.லி., நீரை உறிஞ்சும் 4 ஆங்ஸ்ட்ராம் சல்லடைமணிகள் ஒரு சிட்டிகை. கலக்கி, பத்து நிமிடம் கழித்துப் பஞ்சு வழியே வடித்து ட்யூபில் விட வேண்டும். அமீனும் ஃபார்மைல் தொகுதியும் சேர்ந்து உருவாகும் இமினின் (கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) புரோட்டான் 8 பி.பி.எம்.மை ஒட்டி, நெரிசல் குறைந்த இடத்தில், ஒற்றைக் கோடாக வரும். அமீனின் ஒவ்வொரு கையும் பைனாலோடு சேர்ந்து ஒரு டயஸ்டீரியோமர் (கண்ணாடிப் பிம்பமல்லாத வடிவம்) ஆகும், ஒரு டயஸ்டீரியோமருக்கு ஒரு கோடு. அந்தக் கோடுகளின் பரப்பைத்தான் இன்டெக்ரேட் செய்ய வேண்டும்.

இங்கே பலரும் சறுக்குவது எடைபோடுவதில். அமீன் கூடி மற்ற இரண்டும் குறைந்தால், எளிதில் உருவாகும் டயஸ்டீரியோமர் முந்திக்கொள்ளும், விகிதம் கோணிவிடும். அமீன்தான் எப்போதும் குறைவாக இருக்க வேண்டும். தனி அமீனின் நிறமாலையை மேலே போட்டுப் பார்த்து, அதன் சுவடு மிச்சமில்லை என்று உறுதிசெய்த பிறகே எண்ணை எழுதலாம். வினையில் மூன்று மூலக்கூறு நீர் வெளியேறுகிறது: இமினுக்கு ஒன்று, போரோனேட் எஸ்டருக்கு இரண்டு. சல்லடைமணி பழசானால் வினை பாதியில் நிற்கும். குளோரோஃபார்ம் பழசானால் அதிலுள்ள அமிலம் அமீனை உப்பாக்கிவிடும். காரத்தன்மையுள்ள அலுமினா வழியே ஒருமுறை விட்டால் போதும்.

ரேசிமிக் (இரு எனான்ஷியோமரும் சம அளவுள்ள) மாதிரியை முதலில் ஓட்டாமல் ஒரு எண்ணையும் நம்பக் கூடாது. அது 50:50 தராவிட்டால் தயாரிப்பிலோ அளவீட்டிலோ கோளாறு.

கருவியில் பெரும்பாலும் கைவைக்க வேண்டியது தாமத நேரத்தில். வழக்கமான 1 நொடித் தாமதம் அடையாளம் காணப் போதும், அளக்கப் போதாது. டி1-ஐ (T1, புரோட்டான் பழைய நிலைக்குத் தளரும் நேரம்) ஒருமுறை அளந்து, 90 டிகிரி பல்ஸ் என்றால் அதைப்போல் ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும். ட்யூபைச் சுழற்றவே வேண்டாம், பக்கப்பட்டைகள் சிறிய பீக்கைப் போல் நடிக்கும். என்.எம்.ஆர். பீக்கின் வடிவமான லொரன்ட்சியன் கோட்டின் வால் நீளமானது: 99 விழுக்காட்டுப் பரப்பைப் பிடிக்க அரையுயர அகலத்தைப் போல் சுமார் 64 மடங்கு அகலம் வேண்டும். 0.5 ஹெர்ட்ஸ் கோட்டுக்கு அது 32 ஹெர்ட்ஸ். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 0.05 பி.பி.எம். பிரிவு வெறும் 20 ஹெர்ட்ஸ்தான்! எனவே கையால் வெட்டுவதைவிடக் கோடு பொருத்துவது மேல்.

ஈ.ஈ. உயர்ந்த மாதிரிகளில் கார்பன்-13 சேட்டிலைட்டுகள் (கார்பன்-13 அணுவோடு பிணைந்த சிறு பங்கு புரோட்டான்கள் தரும் துணைக் கோடுகள்) குறுக்கே வரும். இமினில் அவை மையத்திலிருந்து ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸ் தள்ளி இருபுறமும் நிற்கும். ஒவ்வொன்றும் சுமார் 0.55 விழுக்காடு. எரிச்சலூட்டும் இதையே அளவுகோலாக்கலாம்: சிறிய எனான்ஷியோமரின் பரப்பு ஒரு சேட்டிலைட்டுக்குச் சமம் என்றால் ஈ.ஈ. ஏறக்குறைய 98.9. அதற்கு மேல் போனால் கைரல் எச்.பி.எல்.சி.யிடம் (இரு எனான்ஷியோமர்களையும் பிரிக்கும் திரவ நிறப்பிரிகை) விட்டுவிடுவதே நேர்மை.

ஆல்கஹால்களுக்கு மோஷர் எஸ்டர், அதாவது ஃப்ளூரின் உள்ள ஒரு கைரல் அமிலத்தோடு ஆல்கஹாலை இணைக்கும் முறை. ஃப்ளூரின் நிறமாலையில் –71 முதல் –72 பி.பி.எம். பகுதி சுத்தமாக இருக்கும் என்பதே அதன் பெருமை. பெயர்க் குழப்பம் தனி: ஆர் அமிலத்திலிருந்து வருவது எஸ் குளோரைடு. வடிவம் மாறவில்லை, முன்னுரிமை விதிதான் மாறுகிறது. வினை முழுதாக முடிய வேண்டும். அளக்கும் முன் நிறப்பிரிகைக் குழாயில் சுத்தம் செய்யக் கூடாது, டயஸ்டீரியோமர்கள் அங்கேயே பிரிந்து விகிதம் கெடும். ரீஏஜென்ட்டின் தூய்மையும் விடையில் பெருக்கலாக நுழையும்: உண்மை ஈ.ஈ. 90, ரீஏஜென்ட்டின் ஈ.ஈ. 98 என்றால் காட்டுவது 88.2.

பிர்க்கிள் ஆல்கஹால் போன்ற, வினைபுரியாமல் மாதிரியோடு ஒட்டி நிற்கும் கைரல் துணைகளில் அந்தத் தொல்லை இல்லை. அவை தூய்மை குறைந்தால் பிரிவுதான் சுருங்கும், விகிதம் மாறாது. ஆனால் டி.எம்.எஸ்.ஓ., மெத்தனால் போன்ற துருவக் கரைப்பான்களில் ஹைட்ரஜன் பிணைப்பு போய்ப் பிரிவும் போகும். பென்சீன்-டி6-இல் முயன்று, பிறகு ட்யூபைக் குளிர்வித்துப் பார்க்கலாம். பீக்குகளை இடம்பெயர்த்துப் பிரிக்கும் யூரோப்பியம் ரீஏஜென்ட்டுகள் 60 மெகாஹெர்ட்ஸ் மேசைக் கருவிக்கு இன்னும் உகந்தவை. 400-க்கு மேல் பீக் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், 0.1 பங்காகச் சிறிது சிறிதாகச் சேர்த்தாலும் அதற்குப் பெரிதாக வழியில்லை.