கபோஸ் லேன் நாட்டு மருந்துக் கடை: தராசு பிடிக்கிற ஐயா

கொழும்பு புறக்கோட்டை கபோஸ் லேனில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு சின்னக் கடைக்குச் சனம் வருவது பெரும்பாலும் நாவூறு கழிக்கிற சாமானுக்கும், பிள்ளைக்குக் கட்டுகிற வசம்புக்கும், வீட்டில் ஏதோ நடமாட்டம் இருக்கிறது என்று பயந்து புகைக்கிற சாம்பிராணிக்கும்தான். சாரம் கட்டிக்கொண்டு தராசு பிடிக்கிற ஐயாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வைத்தியர் என்ற பலகையும் இல்லை. ஆனால் சரக்கை இவ்வளவு அறிந்தவர் அந்தத் தெருவில் அபூர்வம்.

வசம்பு கேட்டால், “கட்டவோ, குடுக்கவோ பிள்ளை?” என்பார். கட்ட என்றால் துளையிட்ட துண்டு. உரைத்து நாக்கில் தடவ என்றால் தரமாட்டார். அது சரியான மறுப்பு. ஆசிய வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968 இலேயே உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். கையில் கட்டினால் குழந்தை சப்பும், அரைஞாணில் முதுகுப் பக்கமாகக் கட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்புவார். நல்ல வசம்பு முறித்தவுடன் மணக்க வேண்டும், மா உதிர்ந்தால் பூச்சி குடைந்தது.

கசாயச் சரக்குத்தான் கடையின் உயிர். பழைய கணக்கில் 12 கழஞ்சு, அதாவது ஏறக்குறைய 60 கிராம், ஒரு கட்டு. 8 கோப்பை தண்ணீர் விட்டு ஒன்றாக வற்ற வைக்க வேண்டும். மரமஞ்சள் (சிங்களத்தில் வெனிவெல்) போன்ற கட்டைகளைச் சிறு துண்டாக வெட்டித் தருவார், தூளாக்கமாட்டார். தூள் அடிப்பிடித்துக் கருகும், வடிக்கவும் வராது. பெரிய நெருப்பில் வைத்தால் கட்டை ஊறிச் சாறு இறங்குமுன் தண்ணீர் போய்விடும். அரைமணியில் வற்றியதென்றால் அது கசாயமில்லை, நிறத் தண்ணீர்! மூடாமல் மெல்லிய நெருப்பில் வையுங்கள். ஏலம், கிராம்பு இருந்தால் இறக்குகிற நேரம் தட்டிப் போட்டு அப்போது மூடுங்கள், முதலே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

மிளகில் பப்பாசி விதை கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். அது மட்டும் போதாது, சப்பை மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்துப் பாருங்கள்: பப்பாசி விதை நீள்வட்டமாக இருக்கும்.

சாம்பிராணி கட்டியாக வாங்குவது நல்லது. சிரட்டைக் கரித் தணலில் உருகி இனிய வாசம் வரவேண்டும். குங்கிலியம் கலந்தால் புகை தடிப்பாக எழும்பும், இனிப்பு வாசம் குறையும். மரத்தூள் கலந்த கப் வகைகளை ஐயா வைத்திருப்பதே இல்லை.

குறையும் உண்டு. விலைப் பட்டியல் இல்லை, ரசீதும் கேட்டால்தான். சனிக்கிழமை காலையில் நெரிசலில் அவரோடு கதைக்கவே முடியாது, கிழமை நாளில் மத்தியானம் போங்கள். பெரிய குறை, எல்லாவற்றையும் பெயர் எழுதாத கடதாசிச் சரையில் சுற்றித் தருவது. சமையலுக்கான பச்சைக் கற்பூரமும் பூசைக் கற்பூரமும் வீட்டில் மாறினால் ஆபத்து. சரைக்கு மேல் பெயரும் திகதியும் எழுதச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் எழுதித் தருவார்.