மைன்லேப் எஃப்3: கண்ணிவெடி அகற்றுவோருக்கான பராமரிப்புப் பார்வை

ஆஸ்திரேலிய நிறுவனமான மைன்லேபின் இந்த உலோகம் கண்டறியும் கருவியில் பிடித்தது, திருகிச் சரிசெய்ய வேண்டிய குமிழ்கள் இல்லாததே. உணர்திறனை மாற்றுவது பின்முனை மூடி; மூடியின் நிறமே உணர்திறன் அளவைக் காட்டும். தவறான நிற மூடியோடு களத்தில் இறங்கினால், கருவி உலோகத்தைக் கண்டறியும் ஆழம் நமக்குத் தெரியாமலே குறைந்துவிடலாம். ஆகவே காலைச் சோதனையில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

நான்கு டி அளவு பேட்டரிகளையும் ஒன்றாகவே மாற்றுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். தொடுமுனைகளில் பச்சைப் படிவு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். நாள் முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்; கசிவுதான் பெட்டியைக் கெடுக்கிறது.

காரணமில்லாமல் ஒலித்தால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். தரையைத் தேடும் தலைப்பகுதியின் அடிக்கவசத்தைக் கழற்றினால் பெரும்பாலும் ஈரச் சேறோ இரும்புத்தாது மணலோ சிக்கியிருக்கும். தலையை மெல்ல அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

மண் சமன்படுத்தலை, அதாவது மண்ணிலுள்ள தாதுக்களுக்குக் கருவி ஒலிக்காதபடி சரிசெய்வதை, வேலை செய்யும் மண்ணிலேயே செய்து, பிறகு சோதனைக்கான உலோகத் துண்டை உரிய ஆழத்தில் வைத்து, கருவி ஒலிக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாற்றினாலும், கருவி கீழே விழுந்தாலும் இதே சோதனை மறுபடி. இலங்கையின் வடக்கிலுள்ள முகமாலை போன்ற இடங்களில் உலோகம் மிகக் குறைந்த மிதிவெடிகளும் உண்டு என்பதால் இதில் அலட்சியம் கூடாது. சோதனையில் தவறிய கருவிக்குச் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுங்கள்.