பீடோர் டிராவல் கடையில் போட்ட சுவிஸ் பயணம்: டிக்கெட்டுக்குப் போங்கள், திட்டத்தை வீட்டில் போடுங்கள்

மலேசியாவில் எங்கள் ஊரான பீடோரில் யாராவது மலைக்குப் போகிறோம் என்றால் பக்கத்திலிருக்கும் கேமரன் மலை என்றுதான் அர்த்தம். சுவிட்சர்லாந்து என்று நான் சொன்னதும், செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "அங்கேயும் மலைதானே இருக்கு?" என்றார். நான்கு வருடச் சேமிப்பு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. மே கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்புவதுபோல் டவுனில் ஒரு டிராவல் கடையில் பதிந்தோம். குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

கடையை நடத்தும் அக்கா டிக்கெட் விஷயத்தில் கெட்டிக்காரர். இரவு விமானம், டோஹாவில் ஒரே மாற்றம். பிள்ளைகள் பாதி வழி தூங்கிவிட்டார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம் என்பதால் அந்த அலைச்சலும் இல்லை. மாமியார் பொட்டலம் கட்டிய சிக்கன் புளோஸை (பஞ்சுபோல் உலர்த்திய கோழி இறைச்சி) பெட்டியிலிருந்து எடுக்க வைத்ததும் அந்த அக்காதான். இங்கிருந்து இறைச்சியோ பால் பொருளோ அங்கே கொண்டுபோக அனுமதி இல்லையாம். மாமியாருக்கு அவர் மேல் இன்னும் கோபம்.

கோளாறு பயணத் திட்டத்தில். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குப் போட்ட தாளை அப்படியே எங்களிடம் நீட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். ஏழு இரவுக்கு நான்கு ஹோட்டல். போய் இறங்கிய மறுநாளே மலை மேலுள்ள ரயில் நிலையமான யுங்ஃபிராவ்யோக், 3,454 மீட்டர். கேமரனே 1,500 மீட்டர் அளவுதான். அதற்கே சின்னவன் காதைப் பிடித்துக்கொண்டு அழுவான். ஆறு மணி நேர வித்தியாசத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மைலோ கேட்கும் பிள்ளையை, அடுத்த சில மணி நேரத்தில் காற்று குறைந்த அந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

நான்கு ஹோட்டலையும் அடித்துவிட்டு, வெங்கன் கிராமத்தில் சமையல் அடுப்போடு ஒரே வீடு பாருங்கள் என்றேன். அக்கா முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் பார்த்துக் கொடுத்தார். வெங்கனுக்குக் கார் போகாது. கீழே லௌட்டர்புருன்னனிலிருந்து பற்சக்கர ரயிலில்தான் ஏற வேண்டும். மகன் வீதியில் ஓடினால் நெஞ்சு பதறவில்லை. காலையில் கடையில் முட்டையும் தயிரும் வாங்கி, கொண்டுபோன அரிசியில் சோறு வடித்துவிடுவேன். மழை பெய்தால் வெளியே போகவே மாட்டோம். பெட்டி கட்டும் வேலை இல்லாததே பாதி விடுமுறை.

விலைப்பட்டியலையும் வரிவரியாகப் பாருங்கள். மகளுக்கென்று ரயில் பாஸ் ஒன்று தனியாகப் போட்டிருந்தார், ஏறக்குறைய 1,000 வெள்ளி (ரிங்கிட்). பெற்றோரிடம் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால், கூடவே வரும் 6 வயது முதல் 15 வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசம், தனி பாஸ் வேண்டாம். அதற்கும் கீழே என்றால் டிக்கெட்டே வேண்டாம். கேட்டதும் "ஐயோ, கவனிக்கலம்மா" என்று அந்த வரியை அடித்துவிட்டார். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் கட்டியிருப்போம்.

எனக்கு இன்னும் ஆறாதது ட்ரும்மல்பாக் அருவி. பனியாறு உருகி வரும் தண்ணீர் மலையின் வயிற்றுக்குள்ளேயே விழும் இடம். விநாடிக்கு 20,000 லிட்டர் வரை கொட்டுமாம். தாளில் 'குடும்பத்துக்கு ஏற்றது' என்று இருந்தது. வாசலில் போய் நின்ற பிறகுதான் நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்று தெரிந்தது. வீட்டுக்காரரும் மகளும் சொட்டச் சொட்ட நனைந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் சின்னவனும் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். ஏசியது முழுக்க அக்காவைத்தான்.

அப்புறம் வெளிச்சம். இங்கே ஏழரைக்கு இருட்டிவிடும். அங்கே ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளியே பளிச்சென்று இருக்கிறது. "இன்னும் பகல்தானேம்மா" என்று இரண்டும் படுக்க மாட்டேன் என்கின்றன. ஜன்னலை மூடும் மரக்கதவு இருக்கிற வீடாகக் கேளுங்கள். மேலே போகும் நாளுக்குக் குளிர்ச்சட்டை வேண்டும். ஜூன் தொடக்கத்திலும் ஓரங்களில் பனி கிடந்தது.

யுங்ஃபிராவ்யோக்குக்குப் பதில் வெங்கனிலிருந்து கேபிள் காரில் மென்லிகன் போனோம். சுமார் 2,200 மீட்டர். ஏறும்போதும் இறங்கும்போதும் சின்னவனுக்குப் பால் போத்தலைக் கொடுத்ததால் காதுவலி வரவில்லை. மேலே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் மரத்தாலான பெரிய மாடு, அதில் சறுக்குமரம். எதிரே ஐகர் சிகரம் நின்றது. எங்கள் வீட்டு மகாராஜாவும் மகாராணியும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மணி நேரம் மாட்டுக்குள் ஏறுவதும் சறுக்குவதும்தான்.

கடைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். போன மாதம் மாமியாரின் சென்னை டிக்கெட்டுக்காக அதே கடைக்குப் போனபோது, சிறு பிள்ளைகளோடு சுவிஸ் போக வேறொரு குடும்பம் வந்திருக்கிறது என்று சொல்லி, நான் கைப்பட எழுதிய திட்டத்தைக் கேட்டு வாங்கி நகல் எடுத்துக்கொண்டார் அக்கா. மாமியார் டிக்கெட்டில் 20 வெள்ளி குறைத்தார்.