பனிக்கு ஆணிச் சப்பாத்து வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கோ

இந்தப் பதிவை மாசி மாதமே எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபத்திரண்டு குளிர்காலம் கண்டவன், கணினி வேலை செய்கிறவன், 'இணையத்தில் கண்டதையும் வாங்காதேங்கோ' என்று அம்மாவின் சினேகிதிகளுக்குப் புத்தி சொல்கிறவன், 250 டொலருக்கு மேல் கொண்டுபோய் ஒரு மோசடிக் கடையில் கொட்டினேன். காசு போனதுகூடப் பெரிதில்லை. அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் அம்மா விழுந்தார். இப்போது கார்த்திகை பிறந்ததும் அதே விளம்பரம் வேறு பெயரில் என் கைபேசியில் வரத் தொடங்கிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில், அம்மா முதல் தரம் விழுந்த கதை. அந்தச் சப்பாத்து வாங்குவதற்கு முந்திய குளிர்காலம், பகலில் பனி உருகி இரவில் திரும்ப உறைந்த ஒரு காலை. அம்மாவுக்கு அப்போது 72 வயது. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து நடைபாதையில் கண்ணுக்கே தெரியாத கறுப்பு ஐஸில் கால் வைத்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை கட்டு. (இதில் ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியாமல் போனது: ரொறன்ரோவில் நகரசபையின் நடைபாதையில் விழுந்தால் 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடை, தொடர்மாடி போன்ற தனியார் இடத்தின் பனியில் விழுந்தால் 60 நாட்கள். நாங்கள் கட்டு அவிழ்த்த பிறகுதான் விசாரித்தோம். வழக்குப் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தக் கடிதத்தைப் போட்டு வையுங்கோ.)

கை ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. தையிலிருந்து பங்குனி வரை அம்மா வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. கோயில் இல்லை, வெள்ளிக்கிழமை முதியோர் வகுப்பும் இல்லை. 'ஊரில வெறுங்காலோட தோட்டத்துக்க நடந்தனான், இஞ்ச சப்பாத்துப் போட்டும் நடக்கத் தெரியேல்லை' என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் என்னை அந்த விளம்பரத்துக்குள் தள்ளியது.

சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டுகிற ரப்பர் ஆணிகள் எங்கும் கிடைக்கும், மலிவும்கூட. ஆனால் அவற்றை இழுத்து மாட்டக் கையில் பலம் வேண்டும். முறிந்து ஒட்டிய மணிக்கட்டோடு அம்மாவால் முடியவில்லை. தவிர, பஸ்ஸுக்குள் ஏறும்போதும் கடைக்குள் போகும்போதும் கழற்ற வேண்டும். ஆக, ஆணி சப்பாத்தோடேயே இருந்து, வேண்டும்போது வெளியே வந்து, வேண்டாதபோது உள்ளே போனால் எவ்வளவு நல்லது! அப்படிப்பட்ட சப்பாத்து உண்மையிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் ஒரு நிறுவனம் பல வருடங்களாகச் செய்கிறது, கனடாவிலும் செய்கிறார்கள். அடிப்பகுதியில் கீல் போட்ட ஒரு தகடு இருக்கும். ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் உருக்கு ஆணி. கிளப்பித் திருப்பிப் போட்டால் ஆணி நிலத்தைப் பார்க்கும். நல்லது வாங்கப் பெரும்பாலும் 200 டொலருக்கு மேல் போகும். மோசடிக்காரர் கெட்டிக்காரர்கள். இல்லாத பொருளை விற்கவில்லை, இருக்கிற ஒரு நல்ல யோசனையின் பொய்ப்பிரதியை விற்றார்கள்.

விளம்பரத்தில் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் மொன்றியலில் ஒரு பட்டறைக்குள் இருந்து தோல் தைக்கிறார். முப்பத்தைந்து வருடத் தொழில், கண்பார்வை குறைந்துவிட்டது, இந்தக் குளிர்காலத்தோடு கடையை மூடுகிறாராம். 240 டொலர்ச் சப்பாத்து 89 டொலர். குதியில் ஒரு சிறு பிடி, அதைத் தள்ளினால் ஆறு உருக்கு ஆணிகள் வெளியே வரும், இழுத்தால் உள்ளே போகும், குனிந்து தகடு திருப்பத் தேவையில்லை. இரண்டு சோடி எடுத்தால் தபால் செலவு இல்லை. எனக்கும் ஒன்று என்று இரண்டு போட்டேன். 178 டொலர்.

இப்போது யோசித்தால் எல்லாமே கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. தளத்தில் முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை, நிரப்பி அனுப்ப ஒரு படிவம் மட்டும். 'இன்னும் 14 நிமிடங்களே' என்று ஓடிய மணிக்கூடு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 15இல் இருந்து தொடங்கியது. பட்டறைச் சுவரில் தொங்கிய பலகையில் எழுத்துப் போல ஏதோ இருந்தது, உற்றுப் பார்த்தால் அது எந்த மொழியின் எழுத்தும் இல்லை. கணினி வரைந்த படம். கணினிக்காரன் எனக்கு இது தெரியவில்லை! அடுத்த அடி கடனட்டைக் கூற்றில் விழுந்தது. விலைக்கு முன்னால் வெறும் டொலர்க் குறிதான் போட்டிருந்தார்கள், எடுத்தது அமெரிக்க டொலர். நாணய மாற்றுக் கட்டணமும் சேர்ந்து 254 கனேடிய டொலர். மொன்றியல் கிழவருக்கு ஏன் அமெரிக்கக் காசு என்று அப்போதாவது கேட்டிருக்கலாம்.

ஐப்பசிக் கடைசியில் போட்ட ஓடர் மார்கழி நடுவில் வந்தது. பெட்டி இல்லை, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பை. வெளியே ஒட்டியிருந்த சீட்டில் சீனாவிலிருந்து அனுப்பிய விபரமும், 'செருப்பு, பெறுமதி 9 டொலர்' என்ற குறிப்பும். திறந்ததும் பசை மணம். தோல் என்றது ரெக்சின். உருக்கு ஆணி என்றது பிளாஸ்டிக் தகட்டில் பதித்த ஆறு மொட்டைக் குமிழ்கள். உயரம் இரண்டு மில்லிமீற்றர் இருந்தால் அதிகம்.

அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டியவன், ஒரு பரிசோதனை செய்து என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ட்ரைவேயில் புதிதாய் விழுந்த பனியில் போட்டு நடந்து பார்த்தேன். பரவாயில்லாமல் பிடித்தது. பிடி கொஞ்சம் இறுக்கம், பழகப் பழகச் சரியாகும் என்று அம்மாவிடம் கொடுத்தேன். சுத்தமான புதுப்பனியில் எந்தச் சப்பாத்தும் ஓரளவு பிடிக்கும் என்பதும், வில்லங்கம் பனியும் உப்பும் மணலும் கலந்த அந்தக் கஞ்சியில்தான் என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தக் கஞ்சி ஆணி வந்துபோகும் துவாரத்துக்குள் புகுந்து இறுகினால், உள்ளே போனது வெளியே வராது, வெளியே வந்தது உள்ளே போகாது.

தை இரண்டாம் கிழமை குடும்ப வைத்தியரிடம் போனோம். வாகனத் தரிப்பிடத்தில் ஆணியை வெளியே எடுத்தோம், அம்மா என் கையைப் பிடிக்காமலே நடந்தார். எனக்குப் பெருமை. கட்டட வாசலில் குனிந்து பிடிகளை இழுத்தேன். வலது உள்ளே போனது. இடதும் 'டக்' என்றது.

'தம்பி, இதில ஏதோ அறையுது.'

'சரியாப் போச்சு அம்மா, வாங்கோ.'

சரியாகப் போகவில்லை. பிடி மட்டும்தான் போயிருந்தது. உள்ளே அதைத் தகட்டோடு சேர்க்கும் பிளாஸ்டிக் முளை முறிந்து, குமிழ்கள் அப்படியே வெளியே நின்றன. வாசலுக்குள்ளே மினுக்கிய மாபிள், அதன் மேல் எல்லோருடைய சப்பாத்திலும் இருந்து உருகிய தண்ணீர். மூன்றாவது அடியில் இடது கால் முன்னால் போய், அம்மா பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு அடிபட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை, முழங்கை அளவுக்கு ஒரு கண்டல், மூன்று கிழமை நோ. தரையில் கிடந்தபடி அம்மா கேட்ட முதல் கேள்வி: 'சப்பாத்து உடைஞ்சு போச்சோ?'

ஆணிச் சப்பாத்து வாங்குகிற எல்லோரும், நல்ல நிறுவனத்தில் வாங்குகிறவர்களும்கூட, இதைக் கவனிக்க வேண்டும். ஐஸில் ஆணி பிடிப்பது அது ஐஸுக்குள் குத்தி இறங்குவதால். மாபிளில், சுரங்க ரயில் நிலையத்தின் பளபளத் தரையில், ஆணியால் குத்தி இறங்க முடியாது. ரப்பர் நிலத்தைத் தொடாமல் ஆறு உலோகக் குமிழ்களின் மேல் நிற்கிறீர்கள். ஆணியே இல்லாத சப்பாத்தைவிட அது மோசம். ஆகவே மடங்கும் ஆணியில் முக்கியம், அது எவ்வளவு கூராக வெளியே வருகிறது என்பதில்லை. உள்ளே போனதா இல்லையா என்று போட்டிருப்பவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறதா என்பதுதான். தகட்டைக் கையால் திருப்பிப் போடும் வகையில் அது கண்ணுக்குத் தெரியும். குதியில் பிடி வைத்த இந்த 'குனியத் தேவையில்லை' வித்தையில் தெரியாது.

அடுத்தது காசு. நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். படத்தோடு மின்னஞ்சல் போட்டேன். அம்மா குணமடைய வேண்டிக்கொள்வதாகவும், 15 வீதம் திருப்பித் தருவதாகவும், சப்பாத்தை நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. முழுக் காசும் வேண்டும் என்றேன். அப்படியானால் சீனாவில் உள்ள களஞ்சியத்துக்கு என் செலவில் அனுப்ப வேண்டுமாம். தபாலகத்தில் 94 டொலர் கேட்டார்கள். பிறகு 20 வீதம், 25 வீதம் என்று சந்தையில் மீன் விலை பேசுவதுபோலப் போனது. வைத்தியசாலைக்கும் வேலைக்கும் இடையே அலைந்து களைத்திருந்த ஒரு நாள், 'சரி, தாங்கோ' என்று 25 வீதத்துக்கு ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். வந்தது 63 டொலர்.

பிறகு கடனட்டை வங்கியில் முறையிட்டபோது அந்த மின்னஞ்சல்தான் என் கழுத்தை இறுக்கியது. 'வாடிக்கையாளர் தீர்வை ஏற்றுக்கொண்டார்' என்று கடைக்காரன் அதையே நீட்டினான். விளம்பரப் படங்கள், முறிந்த முளையின் படம், '9 டொலர்' சீட்டு எல்லாவற்றையும் வைத்து இரண்டாம் முறையும் எழுதினேன். இரண்டாம் முறையும் மறுத்தார்கள். தொலைபேசியில் கதைத்த பெண்பிள்ளை பாவம், நல்லவர். 'எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் முதலிலேயே எங்களிடம் வந்திருந்தால் வேறுமாதிரி இருந்திருக்கும்' என்றார். ஆகவே, பாதிக் காசு தருகிறேன் என்று யார் எழுதினாலும் 'சரி' என்ற சொல்லை மட்டும் எழுதாதேங்கோ. 'விளம்பரத்தில் சொன்ன பொருள் இதுவல்ல, முழுத் தொகையும் வேண்டும்' என்று ஒரு தரம் எழுதி, பதிலைப் படம்பிடித்துக்கொண்டு நேரே வங்கிக்குப் போங்கோ. பையில் ஒட்டிய சீட்டைக் கிழித்து எறியாதேங்கோ. விளம்பரத்தையும் வாங்கும்போதே படம்பிடித்து வையுங்கோ, பிறகு அந்தத் தளமே இருக்காது. கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் (1-888-495-8501) அறிவித்தேன். அவர்கள் காசு மீட்டுத் தருவதில்லை, ஆனாலும் பதிவு இருக்கட்டும்.

இனி எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்பீர்கள். ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவனத்தின் 'கைட்' ஆய்வுக்கூடத்தில் குளிர்காலச் சப்பாத்துகளைச் சோதித்து, முடிவுகளை 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்ற தளத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். உண்மையான ஐஸ் தரை, இடுப்பில் பாதுகாப்புப் பட்டி கட்டிய ஆட்கள், வழுக்கும்வரை தரையைச் சரித்துக்கொண்டே போவார்கள். 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றால் மதிப்பெண்ணாக ஒரு பனிப்பூச் சின்னம், 11க்கு இரண்டு, 15க்கு மூன்று. 2016இல் முதல் முடிவுகள் வந்தபோது 98 சோடிகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பெரிய பெயர்களும் தோற்ற கூட்டத்தில் இருந்தன, எனவே பெயரையும் விலையையும் நம்பி வாங்க வேண்டாம்.

மடங்கும் ஆணிதான் வேண்டுமென்றால் கடைக்கு நேரே போய், கையுறை போட்ட கையால் தகட்டைத் திருப்பிப் பாருங்கோ. போடப்போகிறவரே திருப்ப வேண்டும், நீங்கள் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அப்படிப் பார்த்தபோது ஐந்து நிமிடத்தில் விளங்கியது, முழங்கால் பிடிப்புள்ள 73 வயதுக்காரருக்கு இது சரிவராது, எவ்வளவு நல்ல செய்முறையானாலும். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் குனிய வேண்டும். அவருக்கு அந்தப் பட்டியலில் இரண்டு பனிப்பூ வாங்கிய, ஆணியே இல்லாத ஒரு சப்பாத்தை எடுத்தோம். போன பனிக்காலத்து மாசியில் மூன்று தரம் கோயிலுக்குப் போய் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

எனக்கென்று வாங்கிய மற்றச் சோடி பேஸ்மென்டில் பையோடு கிடந்தது. தெரிந்த ஒருவர் 'சும்மா கிடக்கிறதைத் தாருங்கோவன்' என்று கேட்டார். கொடுக்கவில்லை. அடிப்பகுதியைக் கத்தியால் குறுக்கே வெட்டித்தான் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்கள்.